நுரைக்காத மண்

டிரிங்... டிரிங்...

மண் பரிசோதனை ஆய்வகத்தின் மேஜை போன் அலறியது.

அவள் உடனே எடுக்கவில்லை. தராசில் மண் இருந்தது. மூச்சுக் காற்று பட்டாலே எண் மாறிவிடும் தராசு. எண் நிற்கும்வரை காத்திருந்து, நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம்தான் ரிசீவரைக் காதுக்குக் கொடுத்தாள்.

“லேப்.”

“மேடம்... கார்பன் திட்ட ஆபீஸ்லேர்ந்து மேனேஜர் பேசறேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“தராசுதான் இருக்கு. சொல்லுங்க.”

“உங்க வீட்டுக்காரர்... கட்டம் பதினாலுல... மாடு முட்டி...”

“எந்த ஆஸ்பத்திரி?”



“ஆஸ்பத்திரிக்கு வேலையில்லை மேடம்!”

ரிசீவரை வைத்தாள். சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. இன்னும் ஏழு கிண்ணங்கள் பாக்கி இருந்தன. ஏழையும் எடை போட்டாள். ஏழு எண்களையும் எழுதினாள்.  அது அவளுக்கே விநோதமாக இருந்தது.

எட்டாவது கிண்ணத்தைத் தேடிப் போன கை, மேஜை விளிம்பில் வந்து நின்றது.

எட்டாவது இல்லை.

இனி எங்கே போவது என்று அப்போதுதான் யோசித்தாள்.

*

செத்துப்போனவன் கார்பன் திட்டத்தில் சோதனைக்கு மண் மாதிரி எடுக்கிறவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மண் கட்டி இருக்கும். அதனால் ஊரே அவனுக்கு வைத்த பெயர், மண்ணாங்கட்டி! அவனுக்கும் அதில் வருத்தமில்லை. போனை எடுத்தாலே, “மண்ணாங்கட்டி பேசறேன், சொல்லுங்க” என்பான்.

இப்போது அவன் எதுவும் சொல்லப் போவதில்லை.

வெளுத்த மண்மேல் மல்லாந்து கிடந்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை காய்ந்த புல், கம்பி வேலி, அனல். அவனைச் சுற்றி நூற்றுக்கணக்கான குளம்புத் தடங்கள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். கூடவே ஏட்டும். ஏட்டுக்கு ரிட்டயராக எட்டு மாதம்தான் இருந்தது. வாய்க்கு மட்டும் ரிட்டயர்மென்ட் கிடையாது.

“இந்தப் பொட்டல் காட்டுக்கு எதுக்கு சார் இத்தனை வேலி?” ஏட்டு மேனேஜரைக் கேட்டார்.

கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மேனேஜர் வியர்வையைத் துடைத்தார்.

“இருபது கட்டமாப் பிரிச்சிருக்கோம். மாடுங்க ஒரு கட்டத்துல மூணு நாள்தான் மேயும். அப்புறம் அடுத்த கட்டம். மேஞ்ச இடத்துக்கு ரெண்டு மாசம் ஓய்வு. அந்த ஓய்வுல புல்லோட வேர் ஆழமா இறங்கும். காத்துல இருக்கிற கார்பனை மண்ணுக்குள்ள கொண்டுபோய் வைக்கும். எங்கேயோ புகை விடற கம்பெனிங்க அந்தக் கார்பனைக் காசு கொடுத்து வாங்கும்.”

“அவன் புகை விடுவான்... அதுக்கு நம்ம மாடு விரதம் இருக்கணும். நல்ல வியாபாரம்!”

“யோவ்...” இன்ஸ்பெக்டர் அதட்டினார். “இந்தக் கட்டத்துக்குள்ள மாடு எப்படி வந்தது?”

“வரவே கூடாது சார். மண் மாதிரி எடுக்கறதுக்காக மூடி வெச்ச கட்டம் இது. இந்த ஆள்தான் கேட்டைத் திறந்து விட்டிருக்கான்!”

மேனேஜர் கை காட்டிய இடத்தில் ஒடிசலான மனிதன் ஒருவன் குந்தியிருந்தான். மாடு மேய்ப்பவன். விசிலடித்தே முந்நூறு மாட்டையும் ஓட்டுவான் என்பதால், பெயரே விசில்.

“நான் திறக்கலைங்க! மாடுங்க பதிமூணுல நின்னுச்சு. தொட்டிக்குத் தண்ணி திறந்துவிடப் போனேன். திரும்பி வந்து பாக்கறேன்... பதினாலோட கேட் தொறந்து கிடக்கு. எல்லாம் உள்ள பூந்திருச்சு. ஓட்டிவிடலாம்னு போனா... ஐயா கிடக்கறாரு!”

“எத்தனை மணிக்கு?”

“வெயில் ஏறிடுச்சுங்க. ஒன்பதரை இருக்கும்.”

ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர் மேய்ச்சல் கமிட்டித் தலைவர். ஓங்குதாங்கான ஆள். அடுத்த கதவைத் திறந்து தங்கையைக் கைத்தாங்கலாக இறக்கினார்.

செத்தவனின் மனைவி தலைவரின் கூடப்பிறந்த தங்கை.

“பாப்பா... கிட்டப் போகாதே. உன்னால தாங்க முடியாது.”

அவள் போனாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். கழுத்துப் பட்டன் ஒன்று பிரிந்திருந்தது. குனிந்து மாட்டப் போனவளை ஏட்டு தடுத்தார்.

“தொடக்கூடாதும்மா.”

“சரி” என்றாள். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

“அதிர்ச்சி சார்” என்றார் தலைவர் தழுதழுத்த குரலில். “நேத்துவரைக்கும் என்னை ‘மச்சான் மச்சான்’னு சுத்திச் சுத்தி வந்த மாப்பிள்ளை... இந்த விசில் பய அஜாக்கிரதையா இருந்ததால...”

இன்ஸ்பெக்டர் தலைவரைப் பார்க்கவில்லை. பிணத்தின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு காயம். நேர்கோட்டில்.

“ஏட்டு... பின்மண்டையில ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி முட்டற மாடு எங்கேயாவது இருக்கா?”

“டிராயிங் மாஸ்டர் வளர்த்த மாடா இருக்கும் சார்.”

“சட்டையில ஒரு குளம்புத் தடம்கூட இல்ல. கீழே ரத்தமும் இல்ல.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

“இவர் இங்கே சாகலை. செத்தப்புறம் இங்கே வந்திருக்கார்!”

*

மதியம் இரண்டரை மணிக்கு இன்ஸ்பெக்டர் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது அவள் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு நொடி திகைத்தார்.

“வீட்டுக்குப் போகலையாம்மா?”

“அண்ணன் கொண்டுபோய் விட்டார். வீட்டுல நிறையப் பேர். எல்லாரும் என் முகத்தையே பாக்கறாங்க. நான் என்ன செய்யணும்னு தெரியலை. வந்துட்டேன்.”

மேஜையில் யாரோ கொடுத்த பிஸ்கட் பொட்டலம் பிரிந்து கிடந்தது. ஒன்றைக் கடித்து, மென்றாளா விழுங்கினாளா என்று தெரியாமலே மீதியை வைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தார். உள்ளே கணவனின் ஷூக்கள். மற்றவர்கள் என்றால் அந்த இடத்தில் உடைந்திருப்பார்கள். அவள் விளக்கை இழுத்து வெளிச்சம் பாய்ச்சினாள்.

“அடியில கறுப்பா ஏதோ அப்பிக்கிட்டு இருக்கு. அவர் கிடந்த இடமோ வெள்ளை மண்ணு. முறைப்படி பெரிய லேபுக்கு சீல் வெச்சு ஒரு ஷூ அனுப்பறேன். ரிப்போர்ட் வர மூணு வாரம் ஆகும். விசிலை சாயங்காலம் கோர்ட்ல நிறுத்தணும்னு மேலேர்ந்து நெருக்கறாங்க. நீங்க சொல்றது சாட்சி ஆகாது... எனக்கு வழி காட்டினா போதும்.”

அவள் ஷூவின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைச் சுரண்டினாள். இன்னொரு தட்டில் கட்டம் பதினாலின் மண்ணை வைத்தாள். சின்னக் குப்பியை எடுத்தாள்.

“என்னம்மா அது?”

“ஆசிட். இந்த மேய்ச்சல் நிலம் பூரா சுண்ணாம்பு மண். ஆசிட் பட்டா நுரைக்கும். பாருங்க.”

வெள்ளை மண்ணில் ஒரு சொட்டு.

புஸ்ஸ்ஸ்...!

சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரை பொங்கியது.

கறுப்பு மண்ணில் ஒரு சொட்டு.

ஒன்றுமில்லை.

இன்னொரு சொட்டு.

அப்போதும் ஒன்றுமில்லை. மண் ஊமையாகக் கிடந்தது.

“இது இருபது கட்டத்துல எந்தக் கட்டத்து மண்ணும் இல்ல சார்” என்றாள். “இதே மாதிரி நுரைக்காத மண்ணை நான் போன வாரமும் பார்த்தேன்.”

“எங்கே?”

“இங்கேதான். அவருக்குக் காய்ச்சல்னு நாலு நாள் படுத்திருந்தார். அப்ப மண் மாதிரிப் பைங்க திட்ட ஆபீஸ் வண்டியில வந்தது. இருபது கட்டத்துக்கும் இருபது பை. நான் டெஸ்ட் பண்ணினேன். மண்ணுல கார்பன் நூத்துக்கு மூணே கால் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால இந்த நிலத்துல இருந்தது அரைக்கும் கொஞ்சம் மேல. முக்கால் வந்தாலே திட்டம் பாஸ். மூணே கால்னா... காய்கறித் தோட்டமே போடலாம்!”

“யாரோ மண்ணை மாத்திட்டாங்க!”

“அவர்கிட்ட சொன்னேன். ‘நீ பேசாம இரு, நான் பார்த்துக்கறேன்’னார்.” சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். “நான் சொல்லாம இருந்திருக்கலாம்.”

இன்ஸ்பெக்டரின் கண்கள் சுருங்கின.

“திட்டம் பாஸானா யாருக்கு லாபம்? மேனேஜருக்கு!”

அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மண்ணில் சுண்ணாம்பு இல்லை. எரு வாசனை இருக்கிறது. கறுப்பு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு மண் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். போன வருஷம் தூர்ந்துபோன ஏரியிலிருந்து பன்னிரண்டு லாரி வண்டல் வந்து இறங்கியபோது அவளும்தான் நின்று பார்த்தாள்.

தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

*

திட்ட ஆபீஸ். மேனேஜர் அறையின் ஜன்னலோரம் வரிசையாகப் பூந்தொட்டிகள். தொட்டி நிறையக் கறுப்பு மண்!

ஏட்டு இன்ஸ்பெக்டரின் காதில் கிசுகிசுத்தார். “மாட்டினார் கோட்டு!”

“நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு மண்ணாங்கட்டி உங்களுக்கு போன் பண்ணியிருக்கார்” என்றார் இன்ஸ்பெக்டர். “பன்னிரண்டு நிமிஷம் பேசியிருக்கீங்க. என்ன பேச்சு?”

மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார்.

“‘வந்த பையெல்லாம் போலி. நானே இருபது கட்டத்துலயும் புதுசா மண் எடுத்துட்டேன். நாளைக்குக் கொண்டுவரேன்’னார். எனக்குக் கோபம்தான் சார். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்றது? கத்தினேன். அப்புறம் சரின்னுட்டேன்.”

“அந்தப் புதுப் பை எங்கே?”

“வரவே இல்லை சார்!”

“இன்னிக்குக் காலையில ஆறுலேர்ந்து ஒன்பதுவரைக்கும் நீங்க எங்கே?”

“இதே நாற்காலியில. கம்ப்யூட்டர்ல மீட்டிங். பதினோரு பேர் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.”

“பாவம் அந்தப் பதினோரு பேர்” என்றார் ஏட்டு.

கூடவே வந்திருந்த அவள் பூந்தொட்டிப் பக்கம் போனாள். குப்பியைத் திறந்தாள். ஒரு சொட்டு விட்டாள்.

புஸ்ஸ்ஸ்...

நுரைத்தது.

“செடிக்காரங்க சுண்ணாம்பு கலந்து கொடுத்திருக்காங்க” என்றாள். “இவர் இல்லை சார்.”

மேனேஜர் முதல்முறையாகக் கோட்டைக் கழற்றினார். உள்சட்டை பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது.

வெளியே ஒரு ஹாரன். தலைவரின் வேன்.

“பாப்பா! எங்கேல்லாம் உன்னைத் தேடறது? வா, வீட்டுக்குப் போலாம். அண்ணி உன் வீட்டுலதான் இருக்கா, வர்றவங்களைப் பார்த்துக்கிட்டு. நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை.”

அவள் ஏட்டிடம் பேனா கேட்டாள். கைப்பையிலிருந்த ஒரு துண்டுச் சீட்டில் நின்றபடியே எதையோ எழுதி, மடித்து, பேனாவோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதும் ஏட்டு சீட்டைப் பிரித்தார்.

“சார்...!”

‘அண்ணன் வீட்டுத் தீவனத் தோட்டம். கால் மணி நேரம் கழிச்சு வாங்க.’

*

வேனின் பின்தளம் சுத்தமாக இருந்தது. ஒரு துரும்பு இல்லை.

“வண்டி கழுவினியாண்ணா?”

“காலையில... ஒரே தூசி.”

“மாட்டுக்கே தண்ணியை அளந்துதான் ஊத்தறோம்.”

தலைவர் கியரை மாற்றினார்.

“அண்ணா, உன் வீட்டுக்குப் போ. எனக்குக் கொஞ்சம் உட்காரணும். என் வீட்டுல கூட்டம்.”

தலைவர் தயங்கினார். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

வீடு பூட்டியிருந்தது. பின்னால் ஆள் உயரத்துக்குத் தீவனப் புல். பல மைல் சுற்றளவில் பச்சையாக இருந்த ஒரே இடம் அதுதான். ஓரத்தில் நீளமான சிமென்ட் தொட்டி.

அவள் நேராகத் தோட்டத்துக்குப் போனாள். குந்தி உட்கார்ந்தாள். குப்பியை எடுத்தாள்.

“என்ன பாப்பா அது?”

“ஆசிட்.”

தலைவர் சட்டென்று பின்வாங்கினார்.

“பயப்படாதே. மண்ணுக்கு.”

ஒரு சொட்டு. இரண்டு சொட்டு. மூன்று.

“ஏதாவது சத்தம் கேக்குதாண்ணா?”

“என்ன சத்தம்? ஒண்ணும் கேக்கலையே!”

“ஆமா. எனக்கும் கேக்கலை.”

எழுந்தாள். தொட்டியைச் சுற்றி நடந்தாள். மூன்று பக்க விளிம்பில் பச்சைப் பாசி. நாலாவது விளிம்பு மட்டும் தேய்த்துக் கழுவி வெளேரென்று இருந்தது.

“இங்கேதானா?”

பின்னால் இரும்பு உரசும் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள்.

அண்ணனின் கையில் புல் அறுக்கும் அரிவாள்!

“நீ உன் வீட்டுக்குப் போயிருக்கணும் பாப்பா...”

“எந்த வீட்டுக்கு?”

அவள் ஓடவில்லை. கத்தவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

அரிவாள் பிடித்த கை உயர்ந்தது...

பாதியில் நின்றது...



“ஹேண்ட்ஸ் அப்!”

புல்லை விலக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். அரிவாள் தொட்டியில் விழுந்து ‘ணங்’கென்றது. தலைவர் மடங்கி உட்கார்ந்தார்.

“கால் மணி நேரம்னு எழுதியிருந்தீங்களேம்மா” ஏட்டு மூச்சு வாங்கினார். “எங்க ஜீப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது!”

*

“நாப்பது குடும்பம் சார்!” தலைவர் மண்ணைப் பார்த்தபடி பேசினார். “நான் ஒருத்தன் சொன்னேன்னு பாதி மாட்டை வித்தாங்க. வேலி போட்டாங்க. புல்லைக் கண்ணால பார்த்துக்கிட்டே, மேய விடாம நாலு வருஷம் காத்திருந்தாங்க. மழை ஏமாத்திடுச்சு. மண்ணைப் பார்த்தா ஃபெயில்னு தோணிச்சு. ஃபெயிலானா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்க முன்னால நிக்கறது? மாப்பிள்ளை காய்ச்சல்ல படுத்ததும் என் தோட்டத்து மண்ணைப் பையில போட்டு வண்டியில ஏத்திட்டேன். சந்தேகம் வேண்டாம்னு கொஞ்சம் எருவும் கலந்தேன்...”

“அந்த எருதான் காட்டிக் கொடுத்தது” என்றாள் அவள். “ஒண்ணுன்னு வந்திருந்தா ஆசிட்டே விட்டுப் பார்த்திருக்க மாட்டேன், நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

“காலையில ஆறரைக்கு மாப்பிள்ளை வந்தான். ‘மச்சான், உன் பேரை யார்கிட்டயும் சொல்லலை. பழைய பையைத் தூக்கிப் போட்டுட்டேன். நேத்து பூரா சுத்தி நானே புதுசா எடுத்துட்டேன். வர்றது வரட்டும்’னான். பையைப் பிடுங்கினேன். விடமாட்டேன்னான். தள்ளினேன்... ஒரே ஒரு தள்ளு. கொல்லணும்னு தள்ளலை சார்!”

இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார்.

“சரி. தள்ளினீங்க. தொட்டி விளிம்புல மண்டை மோதிச்சு. அப்புறம்?”

“மாடு முட்டினதா இருக்கட்டும்னு பதினாலுல போட்டு, கேட்டைத் திறந்துவிட்டேன்... அவன் முன்னாடியே செத்துட்டான்...”

“இல்லை.”

தலைவர் நிமிர்ந்தார்.

“போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டர் இப்பத்தான் பேசினார். அடிபட்டு அரை மணி நேரம் உயிர் இருந்திருக்கு. இங்கேர்ந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். கட்டம் பதினாலு இருபது நிமிஷம். நீங்க தூரமான இடத்துக்கு வண்டியை விட்டிருக்கீங்க!”

புல் சரசரத்தது. 

“போற வழியில... ஏதாவது சொன்னாராண்ணா?”

“பாப்பா...”

“வண்டியில. ஏதாவது பேசினாரா?”

தலைவர் தொட்டியைப் பார்த்தார். 

“தண்ணி கேட்டான்.”

“குடுத்தியா?”

தலைவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் சற்றுநேரம் அதைப் பார்த்தாள். தன்னுடைய அழுகையை யாரோ வாங்கிக்கொண்டு போய் அழுவது மாதிரி இருந்தது.

தீவனக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியிலிருந்து ஏட்டு ஒரு துணிப் பையை இழுத்து வந்தார். உள்ளே இருபது மண் பைகள். ஒவ்வொன்றிலும் கணவனின் கோணல் கையெழுத்தில் கட்ட எண்.

“பஸ்மமாக்கியிருக்கலாமே சார், எதுக்கு வெச்சிருந்தீங்க?” என்றார் ஏட்டு.

“மண்ணை எப்படிய்யா எரிக்கறது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

*

விசில் அன்று மாலையே வெளியே வந்துவிட்டான். நான்கு நாள் கழித்து ஆய்வக வாசலில் நாற்பது குடும்பங்களும் நின்றன. 

உள்ளே, வெளியூர் லேபிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, இருபது பைகளின் மண்ணையும் அவளே சோதித்தாள். எல்லாமே நுரைத்தன. அதிகாரி கூட்டி, வகுத்து, ஒரு எண்ணுக்கு அடியில் கோடு போட்டார். இருவரும் கையெழுத்திட்டார்கள்.

வாசலுக்கு வந்தாள்.

“முக்கால் வேணும். எம்பத்தொண்ணு பைசா வந்திருக்கு” என்றாள். அவர்களுக்குப் புரியும்படி அப்படித்தான் சொல்ல வந்தது. “திட்டம் பாஸ்.”

ஒரு கிழவி வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விசில் தலையைச் சொறிந்தான்.

“அப்ப... வித்த மாட்டைத் திரும்ப வாங்கலாமுங்களா மேடம்?”

“வாங்கலாம்.”

“உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

ஜெயிலில் பார்வையாளர் கம்பிக்கு அந்தப்பக்கம் தலைவர் வந்து நின்றார். நான்கே நாளில் சட்டை இரண்டு அளவு பெரிதாகியிருந்தது.

“என்னை மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரலை பாப்பா.”

“அதுக்கு வரலை. ரிசல்ட் சொல்ல வந்தேன்.”

“எதோட ரிசல்ட்?”

“அவர் எடுத்த மண்ணோடது. நிஜமான மண்ணு.” நிறுத்தினாள். தராசு எண் நிற்கக் காத்திருப்பவள் போலக் காத்திருந்தாள். “பாஸ், அண்ணா. நீ எதுவும் செய்யாம இருந்திருந்தாலும் பாஸ்தான்.”

  கம்பியைப் பிடித்திருந்த தலைவரின் விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின.

அவள் திரும்பி நடந்தாள். வெயிலுக்கு வந்து, ஜீப்பின் பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு நாளில் முதல்முறையாக அவளுக்குத் தாகமெடுத்தது. தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

ஜெயில் வாசலில் இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். ஏட்டு அவள் காதில் விழாத தூரம் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“சார்... என் சர்வீஸ்ல எத்தனையோ கேஸ் பார்த்துட்டேன். தானா பாஸாகற பரீட்சைக்கு பிட் அடிச்சு, பேப்பர் திருத்த வந்தவரையும் போட்டுத் தள்ளின ஆளை இப்பத்தான் பாக்கறேன்... இவருக்கு எந்த செக்‌ஷன்ல சார் மார்க் போடறது?”